மகள் ஜப்பான் மொழி படிக்க வேண்டுமாம்!

உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகள் உங்களுக்கு உண்டா, சகோதரி? இருந்தால் இது உங்களுக்குத்தான். மகள் இன்னும் தரம் ஒன்பதில், பத்தில் இருந்தாலும் வாசித்து வையுங்கள். நாளைக்கு உதவும்.

இரத்தோட்டையை எடுத்துக்கொள்வோம். மாத்தளையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில், ரிவஸ்டன் குளிர் தொடங்குவதற்கு முன்பாக இருக்கும் ஊர். மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் பூமி. சிங்களவர், தோட்டத் தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று சமூகத்தாரும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்பிள்ளை திடீரென்று ஒருநாள், “உம்மா, நான் ஜப்பான் மொழி படிக்கப் போகிறேன்” என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? வாப்பா பத்திரிகையைத் தாழ்த்திப் பார்ப்பார். நானா சிரிப்பான். மூத்தம்மா, “இங்கிலீசே இன்னும் ஒழுங்காக வரவில்லை, அதற்குள் ஜப்பானா?” என்பார். உம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விடுவார். யோசிக்க வேண்டிய பொறுப்பு அவருக்குத்தான் என்று அவருக்குத் தெரியும்.

இது இன்று பல வீடுகளில் எழுகின்ற பேச்சு. ஒரு வீட்டில் ஜப்பான், மற்ற வீட்டில் கொரியா, இன்னொன்றில் சீனம். தொலைக்காட்சி நாடகத்தால் வந்த ஆசை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் தள்ளுவதற்கு முன் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போமே!

முதலில் காலத்தைப் பாருங்கள். 2024 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை அவ்வாண்டு நவம்பர் கடைசியில் ஆரம்பமானது. முடிவு 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. அதன்பின் விண்ணப்பம், இசட் வெட்டுப்புள்ளி, பதிவு, பிறகு பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கும் நாள் என்று மாதங்கள் நீண்டுகொண்டே போகும். கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த பிள்ளை முதல் விரிவுரைக்குப் போய் அமர ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இது சின்னக் காலமல்ல. ஆண்பிள்ளை கடைக்கோ கொழும்புக்கோ போய்விடுகிறான். பெண்பிள்ளை வீட்டில் இருக்கிறாள். “சும்மாதானே இருக்கிறாள்” என்ற சொல் அயலில் இருந்து மெல்ல வரும், அதன் பின்னாலேயே கலியாணப் பேச்சும் வரும். நல்ல இடம் வந்தால் பேசுவதில் குற்றமில்லை. ஆனால் படிப்பு முடியாமல் பாதியில் நின்றுபோன பல பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், அது நின்றது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கையில் ஒரு படிப்பு ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து “சும்மா இருக்கிறாள்” என்று யாரும் சொல்வதில்லை. மொழி படிக்கும் ஆசையை நான் முதலில் இந்தக் கோணத்திலிருந்துதான் பார்க்கிறேன். மற்ற நன்மைகள் எல்லாம் பிறகு.

நம் பிள்ளைக்கு ஏற்கனவே எத்தனை எழுத்துத் தெரியும்?

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் முன்பே குர்ஆன் மத்ரசாவில் அலிஃப், பா, தா. பாடசாலையில் தமிழ். இரண்டாம் மொழியாகச் சிங்களம். அதோடு ஆங்கிலம். பத்து வயதுக்குள் நான்கு விதமான எழுத்துகள்! ஒன்று வலமிருந்து இடமாக ஓடுகிறது, மற்ற மூன்றும் இடமிருந்து வலமாக. உலகத்தில் பெரிய பெரிய நாடுகளில் உள்ள பிள்ளைகள் ஒரே எழுத்தோடு முழு வாழ்க்கையையும் கழித்துவிடுகிறார்கள். மலையகத்துச் சிற்றூரில் உள்ள நம் மகள் நான்கைக் கற்று, அதைப் பெருமையாகக்கூட எண்ணுவதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஜப்பானிய எழுத்து ஒரு பயமா? ஜப்பானில் ஹிரகானா என்றும் கதகானா என்றும் இரண்டு எழுத்து வரிசைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. ஒரே ஒலிகளைத்தான் இரண்டும் எழுதுகின்றன, வடிவம்தான் வேறு. நம் பிள்ளைகளுக்கு வியப்பளிக்கும் செய்தி அந்த வரிசையில் இருக்கிறது. ஜப்பானியக் குழந்தை மனப்பாடம் செய்வது அ, இ, உ, எ, ஒ என்றுதான்! பிறகு க வரிசை, ச வரிசை, த வரிசை, ந வரிசை, ஹ வரிசை, ம, ய, ர, வ. அந்த ஹ வரிசை பழங்காலத்தில் ப என்று ஒலித்தது என்பது மொழியறிஞர் கூற்று. அப்படி வைத்துச் சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடியின் வாசனை வருகிறதல்லவா? இது தற்செயல் அல்ல. இந்தியாவிலிருந்து சீனம் வழியாகப் போன பௌத்த நூல்களோடு சமஸ்கிருத எழுத்து வரிசையும் ஜப்பானுக்குப் போனது. அந்த ஒழுங்கில்தான் அவர்களும் தங்கள் எழுத்தை அடுக்கினார்கள்.

கொரிய எழுத்து இன்னும் சுலபம். செஜோங் என்ற மன்னர் 1443 இல் உருவாக்கி 1446 இல் நாட்டுக்கு அறிவித்த எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் 24 தான். சீன எழுத்தைக் கற்க வசதியில்லாத சாதாரண மக்களும் வாசிக்க வேண்டும் என்பதே மன்னரின் நோக்கம். படித்த மேட்டுக்குடியினர் அதை ஏளனம் செய்தபோது, அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள். அவர்கள் கடிதம் எழுதினார்கள், கதை வாசித்தார்கள். நம் உம்மம்மாமார் அரபுத்தமிழில் கிதாபு வாசித்த கதையை இது நினைவூட்டவில்லையா?

அரபுத்தமிழ் என்றதும் இன்னொன்று. சீனத்து முஸ்லிம்களும் இதையே செய்திருக்கிறார்கள்! சீன மொழியை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் அவர்களிடையே இருந்தது. ‘சியாவோர்ஜிங்’ என்று அதற்குப் பெயர். மத்ரசா மாணவருக்கு ஆயிரக்கணக்கான சீன எழுத்துகள் தெரியாது, அரபு எழுத்து தெரியும். எனவே தம் தாய்மொழியை அதில் எழுதிக்கொண்டார்கள். காயல்பட்டினத்திலும் பேருவளையிலும் நம்மவர் செய்ததும் இதுதான்.

இலக்கணம் நம் பக்கம்

ஆங்கிலம் படிக்கும்போது நம் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள்? வசனத்தின் ஒழுங்கில்தான். நாம் “நான் பள்ளிக்குப் போகிறேன்” என்போம். ஆங்கிலேயன் “நான் போகிறேன் பள்ளிக்கு” என்பான். வினைச்சொல் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். ஜப்பானிய மொழியில் இந்தத் தொல்லையே இல்லை. “வதஷி வ கக்கோ நி இகிமஸ்.” வதஷி என்றால் நான், கக்கோ என்றால் பள்ளிக்கூடம், நி என்றால் நம்முடைய ‘கு’, இகிமஸ் என்றால் போகிறேன். ‘வ’ என்பது எழுவாயைச் சுட்டிக்காட்டும் ஒட்டு. சொல்லுக்குச் சொல் தமிழை வைத்துக்கொண்டே போகலாம். நமது ‘ஐ’ வேற்றுமைக்கு அவர்களிடம் ‘ஒ’, ‘இருந்து’ என்பதற்குக் ‘கரா’, ‘அவளும்’ என்பதில் வரும் ‘உம்’முக்கு ‘மொ’. கேள்வி கேட்க வேண்டுமா? வசனத்தின் கடைசியில் ‘க’ போட்டால் போதும். “இகிமஸ் க?” என்றால் “போகிறீர்களா?” நமது ‘ஆ’ செய்கின்ற வேலையை அங்கே ‘க’ செய்கிறது.

இன்னும் ருசியான ஓர் உதாரணம். அடுப்படியில் நின்றபடி “இதைச் சாப்பிட்டுப் பார்” என்கிறோம். பார்ப்பது கண்ணின் வேலை, சாப்பிடுவது வாயின் வேலை. இரண்டையும் ஏன் சேர்த்தோம் என்று ஆங்கிலேயனுக்குப் புரியாது. ஜப்பானியருக்குப் புரியும்! “தபெதே மிமஸ்” என்றால் ‘சாப்பிட்டுப் பார்க்கிறேன்’. மிமஸ் என்பது பார்ப்பதுதான். கொரியரிடமும் “மொகொ பொம்னிதா” என்று அதே அமைப்பு. நம் சிங்களச் சகோதரிகளும் “கால பலன்ன” என்றுதானே சொல்கிறார்கள்!

சிங்களம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் உயிருள்ளதற்கு ‘இன்னவா’, உயிரற்றதற்கு ‘தியெனவா’. பிள்ளை இன்னவா, புத்தகம் தியெனவா. ஜப்பானிய மொழியிலும் அப்படியே இரண்டு சொற்கள்: பிள்ளைக்கு ‘இமஸ்’, புத்தகத்துக்கு ‘அரிமஸ்’. தமிழில் இரண்டுக்கும் ‘இருக்கிறது’ என்ற ஒரே வினைதான். ஆகவே சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ஜப்பானிய மொழியின் இன்னொரு கதவும் திறந்திருக்கும். அதைவிட நடைமுறையான காரணமும் உண்டு. இந்நாட்டில் ஜப்பானிய, கொரிய மொழி வகுப்புகளும் உள்நாட்டில் அச்சாகும் பயிற்சிப் புத்தகங்களும் பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பவை. அடுத்த இடம் ஆங்கிலத்துக்கு. தமிழ் மொழிமூலப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து மூன்றாம் வாரம் நின்றுவிடுவது ஜப்பானிய மொழி கடினம் என்பதால் அல்ல, அதை விளக்கும் சிங்களம் விளங்காததால். சிங்களத்தில் தடுமாறும் மகளாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இரத்தோட்டையில் இருந்துகொண்டு சிங்களம் பேசிப் பழக இடம் தேட வேண்டியதில்லை, பக்கத்து வீட்டு வாசலே போதும்.

உறவுமுறைச் சொற்களிலும் நமக்கு வசதி. ஆங்கிலத்தில் தாத்தாவும் தங்கச்சியும் ஒரே சொல். கிழக்காசியாவில் அப்படி இல்லை. சீனத்தில் மூத்தவள் ‘ஜியேஜியே’, இளையவள் ‘மேமே’. உம்மாவின் சகோதரர் ‘ஜியுஜியு’, வாப்பாவின் தம்பி ‘ஷூஷு’. மாமாவையும் சாச்சாவையும் ஒரே சொல்லில் கட்டும் பழக்கம் அவர்களிடமும் கிடையாது. கொரியாவில் இன்னும் ஒரு படி மேல்: அழைப்பவர் பெண்ணா, ஆணா என்பதைப் பொறுத்தும் சொல் மாறும். நானாவைத் தங்கை ‘ஒப்பா’ என்பாள், தம்பி ‘ஹ்யோங்’ என்பான். நாடகம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த ‘ஒப்பா’ நன்றாகத் தெரியும்! பெரியவரிடம் பேசும் வினைச்சொல் வேறு, தோழியிடம் பேசுவது வேறு. ‘வா’, ‘வாங்க’ என்று வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

தமிழுக்கும் ஜப்பானுக்கும் இரத்த உறவே உண்டு என்று சொன்னவரும் இருக்கிறார். சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் (2008 இல் காலமானார்) பல ஆண்டுகள் இதற்காக உழைத்தார். அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்கள் நம் நாட்டவர்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவருடைய துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும். மனோன்மணி அம்மையார் ஜப்பானின் பழம்பெரும் கவிதைத் தொகுப்பான ‘மன்யோஷு’விலிருந்து பாடல்களைத் தமிழாக்கியவர். ஓனோவின் கொள்கையைப் பெரும்பாலான மொழியறிஞர்கள் ஏற்கவில்லை. வசன அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் இரு மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிட மாட்டா. அது அறிஞர்களின் வழக்கு, அவர்களே தீர்க்கட்டும். நமக்கு வேண்டியது, இலங்கையில் பிறந்த ஒரு பெண்மணி தமிழைக் கையில் பிடித்துக்கொண்டே ஜப்பானிய மொழியின் உள்ளறைவரை போய்வந்தார் என்ற செய்திதான்.

சீனம் இந்த வீட்டுப் பிள்ளையல்ல. அதன் வசன ஒழுங்கு ஆங்கிலம் போன்றது. ஒலியோ நமக்குப் புதிது. ‘மா’ என்ற ஒரே ஒலியை நான்கு தொனியில் சொன்னால் தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று நான்கு பொருள்! மூச்சை ஊதிச் சொல்லும் ‘ப’வும் ஊதாமல் சொல்லும் ‘ப’வும் வெவ்வேறு எழுத்துகள். அரபியில் ஸீனையும் ஸாதையும் பிரித்து ஓதப் பழகிய நாவுக்கு இது முடியாத காரியமல்ல, ஆனால் தானாகப் படித்துவிட முடியாது. காதால் கேட்டுத் திருத்த ஒரு ஆசிரியர் கட்டாயம் வேண்டும்.

காலியில் கிடைத்த கல்

‘சீன மொழிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கும் வாப்பாமாருக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. 1911 இல் காலி நகரில் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். 1409 ஆம் ஆண்டு என்று திகதியிட்டுச் சீனாவில் வெட்டி, கப்பலேற்றிக் கொண்டுவந்து நட்டவர் செங் ஹ என்ற கடற்படைத் தலைவர். அவர் யுன்னான் மாகாணத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் ‘மா’. கல்லின் சீனப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கையைச் சொல்கிறது, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் தென்னவரை நாயனாரைச் சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. அந்தப் பகுதிதான் அதிகம் தேய்ந்துபோயிருக்கிறது. (அதே கடற்படைதான் இரண்டு வருடங்களுக்குப் பின் இந்நாட்டு ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. நட்பு மட்டும்தான் வந்தது என்று எண்ண வேண்டாம்.)

அந்தக் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா ஹுவான். அவரும் முஸ்லிம். வேற்று மொழி தெரிந்தவர் என்ற ஒரே தகுதியால் கடல் கடந்தவர். இலங்கை பற்றியும், கோழிக்கோடு பற்றியும், மக்கா பற்றியும் அவர் எழுதிவைத்த நூல் இன்றும் வரலாற்றாசிரியர்களின் கையில் இருக்கிறது. படைத்தலைவன் கப்பலை நடத்தினான். ஆனால் கண்டது கேட்டதை நமக்குச் சொன்னவர் மொழிபெயர்ப்பாளர்தான்.

இரத்தோட்டைத் தோட்டத்து மிளகுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. மிளகைச் சீனர் ‘ஹூஜியாவோ’ என்பர், ஜப்பானியர் ‘கொஷோ’, கொரியர் ‘ஹுச்சு’. மூன்றும் ஒரே சீனச் சொல்லிலிருந்து வந்தவை. இப்படி ஆயிரக்கணக்கான சொற்கள் மூன்று நாட்டுக்கும் பொது. ‘வாக்குறுதி’ ஜப்பானில் ‘யக்குசொக்கு’, கொரியாவில் ‘யக்சொக்’. ஒன்றை உறுதியாகப் படித்தவருக்கு அடுத்தது பாதி வேலை. அதனால்தான் சொல்கிறேன், மூன்றையும் ஒரே நேரத்தில் தொடக்கூடாது. ஆர்வமுள்ள பிள்ளைகள் செய்யும் தவறு இதுதான்: தை மாதம் ஜப்பான், சித்திரையில் கொரியா, ஆடியில் சீனம், மார்கழியில் ஒன்றுமில்லை. ஒரு மொழி, ஒரு வருடம்.

எந்த மொழி என்று என்னைக் கேட்டால், பாடசாலையில் கற்பிக்க ஆசிரியர் இருந்தால் அந்த மொழி. இல்லையென்றால் தமிழ்ப் பிள்ளைக்கு ஜப்பானியம் அல்லது கொரியம்.

படிப்பும் பரீட்சையும்

க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஜப்பானியம், சீனம், கொரியம் மூன்றும் பாடங்களாக உண்டு. அரபு, பிரெஞ்சு, ஜேர்மன் போல இவையும் வெளிநாட்டு மொழிப் பாடங்களே. ஆனால் பாடம் பட்டியலில் இருப்பது வேறு, ஆசிரியர் பாடசாலையில் இருப்பது வேறு. மலையகத்துத் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் இம்மொழிகளுக்கு ஆசிரியர் கிடைப்பது அபூர்வம். வகுப்புக்கு மாத்தளைக்கோ கண்டிக்கோ போக வேண்டிவரும். களனிப் பல்கலைக்கழகத்தில் நவீன மொழிகள் துறை இம்மூன்றையும் கற்பிக்கிறது. சீன மொழிக்கென்று அங்கே கன்பூசியஸ் நிறுவகம் 2007 முதல் இயங்குகிறது. பட்டப்படிப்புக்கு என்ன பாடச் சேர்க்கை வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் கைநூலாக வெளியிடுகிறது. அது தமிழிலும் கிடைக்கும். மகள் உயர்தரப் பாடங்களைத் தெரிவு செய்யும் முன்பே அதை ஒரு முறை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். ரியூஷன் மாஸ்டர் சொல்வதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்வதையும் நம்பித் தெரிவு செய்துவிட்டுப் பிறகு கலங்குவதில் பயனில்லை.

பாடசாலைக்கு வெளியே, மொழித் தேர்ச்சிப் பரீட்சைகள் உண்டு. ஜப்பானிய மொழிக்கு 1984 முதல் நடக்கும் உலகளாவிய பரீட்சையில் இன்று ஐந்து படிகள். என்-5 மிகக் கீழ்ப்படி, என்-1 உச்சி. உலகெங்கும் ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும், சில நாடுகளில் வருடத்துக்கு ஒருமுறைதான். ஒன்றைக் கவனியுங்கள்: இதில் வாசிப்பும் கேட்டலும் மட்டுமே சோதிக்கப்படும். பேச்சுக்கும் எழுத்துக்கும் பரீட்சை கிடையாது. சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளை வாயைத் திறந்தால் ஒரு வசனமும் வராத நிலை இதனால்தான் ஏற்படுகிறது.

கொரிய மொழியில்தான் நம் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள். அங்கே இரண்டு பரீட்சைகள். ‘டொபிக்’ என்பது ஆறு படிகள் கொண்டது, உயர்கல்விக்குப் பயன்படுவது. ‘ஈ.பி.எஸ். டொபிக்’ என்பது தொழிலாளர் விசாவுக்கானது, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாக நடப்பது. தொழிற்சாலை, மீன்பிடி, கட்டடம் போன்ற வேலைகளுக்கு ஆள் எடுப்பதற்கானது. படிக்கப் போகும் மகளை இரண்டாவது வகுப்பில் சேர்த்துவிட்டு, “கொரியா பரீட்சைக்குப் படிக்கிறாள்” என்று நிம்மதியாக இருந்தால் வருடம் வீணாகும்.

இனி, வெளிநாட்டு அரசுகளின் புலமைப்பரிசில்கள். ஜப்பான் அரசின் பட்டப்படிப்புப் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தெரிவுப் பரீட்சையில் கணிதம், ஆங்கிலம் போன்றவற்றோடு ஜப்பானிய மொழியிலும் ஒரு தாள் உண்டு. தெரிவானவருக்கு அங்கே முதல் ஒரு வருடம் மொழிப் பயிற்சிதான். கொரிய அரசின் புலமைப்பரிசிலிலும் முதல் வருடம் மொழிக்கே. அதன் முடிவில் டொபிக் மூன்றாம் படியைத் தொடாவிட்டால் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியாது. ஏற்கனவே ஐந்தாம் படி எடுத்தவருக்கு அந்த மொழி வருடமே தேவையில்லை. சீன அரசு அனுப்பும் மாணவருக்கும் சீன மொழியில் பட்டம் படிப்பதாயின் பொதுவாக ஒரு வருட ஆயத்த வகுப்பு உண்டு. அப்படியானால் இங்கே இருந்து எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரே வருடத்தில் பூச்சியத்திலிருந்து விரிவுரை கேட்கும் நிலைக்குப் போவது எவ்வளவு பாரம் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க அரசு தன் இராஜதந்திரிகளுக்கு ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு ஆகியவற்றில் தேர்ச்சி பெற ஏறத்தாழ 2200 மணிநேர வகுப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலேயரின் கணக்கு, நமக்கு ஜப்பானியமும் கொரியமும் அவ்வளவு தூரமில்லை. ஆனாலும் எழுத்தும் ஆயிரம் சொல்லும் அடிப்படை இலக்கணமும் கைவசம் இருக்கும் பிள்ளை அங்கே அழாமல் படிப்பாள்.

ஆசை உண்மையானதா என்று எப்படி அறிவது? செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். பதினைந்து நாள் கொடுங்கள். ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். கொரியம் என்றால் 24 எழுத்தும், ஜப்பானியம் என்றால் ஹிரகானா 46 எழுத்தும் பார்க்காமல் எழுதிக்காட்ட வேண்டும். பாடம் சொல்ல ஆள் தேவையில்லை, ஜப்பான் பவுண்டேஷனின் தொடக்கப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, கையடக்கத் தொலைபேசி போதும். பதினாறாம் நாள் கொப்பியை வாங்கிப் பாருங்கள். எழுதியிருந்தால் அது ஆசை. நாடகம் மட்டும் பத்துப் பகுதி ஓடியிருந்தால்… உங்களுக்கே தெரியும்.

நாடகத்தைப் பற்றி இவ்வளவு கடுமையாகப் பேசவும் தேவையில்லை. காது பழகுவதற்கு அது உதவும். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை மறைத்துவிட்டு எத்தனை சொல் பிடிபடுகிறது என்று கேளுங்கள். கடையில் விற்கும் கொரிய நூடில்ஸ் பக்கட்டை எடுத்து, அதில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். ‘த்வேஜிகொகி’ என்றால் பன்றி இறைச்சி. ஜப்பானியப் பண்டமாயின் ‘புத்த’ என்பது பன்றி, ‘சகே’ என்பது மது. இந்தச் சொற்களை அவற்றின் எழுத்தில் அடையாளம் காணத் தெரிந்த மகள் உங்கள் அடுப்படிக்கும் உதவுவாள், நாளை அந்நாட்டுக் கடையில் நின்றாலும் தடுமாற மாட்டாள். உணவையும் தொழுகையையும் எண்ணித் தயங்கும் தாய்மாருக்கு இன்னொரு செய்தி: ஜப்பானில் கோபே பள்ளிவாசல் 1935 இல் திறக்கப்பட்டது, சோல் நகரின் மத்திய பள்ளிவாசல் 1976 இல். சீனத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முஸ்லிம் மாணவருக்கென்று தனி உணவுச்சாலை உண்டு. வாசலில் ‘சிங்ஜென்’ என்று எழுதியிருக்கும்.

பணத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடு போகும் ஆசை எல்லா ஊரிலும் கூடியிருக்கிறது. அந்த ஆசையை விலைபேசுவோரும் கூடியிருக்கிறார்கள். “ஆறு மாதத்தில் ஜப்பான், படிப்பும் வேலையும் நிச்சயம்” என்ற சுவரொட்டியைக் கண்டால் நின்று விசாரியுங்கள். ஜப்பானில் மாணவ விசாவில் இருப்பவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணிநேரம் மட்டுமே வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் மொழிப் பாடசாலைக் கட்டணமும் அறை வாடகையும் கட்டி, முகவருக்கு வாங்கிய கடனையும் அடைத்து, வீட்டுக்கும் அனுப்பலாம் என்று யாராவது கணக்குக் காட்டினால் அந்தக் கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தரமாட்டார். வேலைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்பவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கத்தைக் கேட்டு, அதைப் பணியகத்திடமே சரிபாருங்கள். வகுப்புக்குப் பணம் கட்டுவதாயின் மாதம் மாதம் கட்டுங்கள், வருடத்துக்கு ஒரேயடியாக வேண்டாம், நகையை அடகு வைத்து வேண்டவே வேண்டாம். வகுப்பு நடத்துபவர் எதற்காகவும் பாஸ்போர்ட்டைக் கேட்டால் பிரதி மட்டும் கொடுங்கள். மூலம் உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.